ஹிகோனோகாமி: ஒரு சட்டைப்பைக் கத்தியின் வரலாறு

‘பேனாக்கத்தி’ என்று நாம் வழங்கும் சொல்லுக்குள் ஒரு பழைய தொழில் மறைந்திருக்கிறது. இரும்பு முள் பொருத்திய பேனா பரவுவதற்கு முன்னர், ஐரோப்பியர் பறவையின் இறகைச் சீவிக் கூராக்கி, அதன் நுனியை மையில் தோய்த்து எழுதினர். எழுத எழுத இறகு மழுங்கும். மழுங்க மழுங்கச் சீவ வேண்டும். அதற்கென எழுதுவோர் உடன் வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. இறகு மறைந்தது, பெயர் மட்டும் நின்றது. நம் முன்னோரோ எழுதுகோலையும் கத்தியையும் இதனினும் நெருக்கமாகப் பிணைத்திருந்தனர். ஓலையில் எழுதிய காலத்து எழுத்தாணி வகைகளுள் மடக்கெழுத்தாணி என்பது ஒன்று. ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் ஓலையை நறுக்கிச் சீர்செய்யும் கத்தி. இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். எழுதுகிறவன் கையில் கத்தியும் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எழுத்துக்கும் கத்திக்கும் இருந்த இந்த உறவு 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பள்ளிப் பிள்ளைகளிடையே உயிரோடிருந்த நாடுகளுள் ஜப்பான் குறிப்பிடத்தக்கது. அங்குத் தொடக்கப்பள்ளிச் சிறுவனின் சட்டைப்பையில் ‘ஹிகோனோகாமி’ என்னும் மடக்குக் கத்தி இருப்பது இயல்பாகக் கருதப்பட்டது. ஒரே தலைமுறைக் காலத்தில் அக்கத்தி பள்ளியிலிருந்து அகற்றப்பட்டது. இன்று உலகின் பல நாடுகளில் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் பொருளாக அது ஆகியிருக்கிறது. ஒரு கருவி எப்போது ஆயுதம் என்று பெயர் பெறுகிறது, அப்பெயரை யார் சூட்டுகின்றனர் என்பது ஆசிரியர்களாகிய நமக்கு அயலான வினா அன்று. ஆதலால் இந்தச் சிறு கத்தியின் வரலாற்றைச் சற்று விரிவாகவே காணலாம்.

முதலில் அதன் அமைப்பு. ஹிகோனோகாமியில் அலகு, பிடி, தறையாணி என்னும் மூன்று உறுப்புகளே உண்டு. பிடி என்பது ஒரே உலோகத் தகட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்தது. பித்தளைத் தகடாகவோ கருமை ஏற்றிய இரும்புத் தகடாகவோ இருக்கும். அம்மடிப்பின் இடுக்கில் அலகு முழுவதும் ஒடுங்கிக்கொள்ளும். அலகின் அடிப்பகுதி வால்போல் நீண்டு பிடிக்கு வெளியே சிறிது துருத்தி நிற்கும். அதனைச் ‘சிகிரி’ என்பர். பெருவிரலால் சிகிரியை அழுத்தினால் அலகு வெளிவரும்; வெட்டும்போது அதே பெருவிரல் சிகிரியின்மேல் அமர்ந்து அலகு மடங்காமல் காக்கும். வில் இல்லை, பூட்டு இல்லை. தகட்டின் இறுக்கமும் பயன்படுத்துவோனின் விரலுமே பூட்டு. விரலை எடுத்தவன் தன் கையைத் தானே வெட்டிக்கொள்ள நேரும் என்பதால், கவனம் என்பது இக்கத்தியின் நான்காவது உறுப்பு என்று சொல்லலாம்.

மடக்குக் கத்தி ஜப்பானியரின் கண்டுபிடிப்பன்று. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்னுமிடத்தில் கிடைத்த மடக்குக் கத்தி, கிறித்துவுக்கு ஏறத்தாழ 500 அல்லது 600 ஆண்டுகள் முற்பட்டது. உரோமானியரும் மடக்குக் கத்திகளைச் செய்திருக்கின்றனர். ஹிகோனோகாமியின் தனித்தன்மை பழைமையில் இல்லை. அதன் எளிமையிலும், அது பிறந்த ஊரின் வரலாற்றிலும் இருக்கிறது.

அவ்வூர் மிக்கி. ஹியோகோ மாநிலத்தில், கோபே துறைமுக நகருக்கு வடமேற்கே உள்ளது. 1578-ஆம் ஆண்டு ஓடா நொபுனாகாவின் தளபதியாகிய ஹிதெயோஷி, பெஸ்ஷோ நகஹாரு என்னும் தலைவனின் மிக்கிக் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டையை நேரே தாக்காமல், உணவு செல்லும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார். முற்றுகை 1580-வரை நீடித்தது. உள்ளிருந்தோர் பசியால் மாண்டனர். இறுதியில், மற்றவர் உயிரைக் காக்கும் பொருட்டு நகஹாரு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜப்பானிய வரலாற்றில் ‘மிக்கியின் பட்டினிக் கொலை’ என்றே இது பெயர் பெற்றுவிட்டது. வென்றவர், அழிந்த ஊரை மீண்டும் எழுப்புவதற்காக அங்குக் குடியேறுவோருக்கு வரி விலக்கு அளித்தார். வீடு கட்டத் தச்சர் வந்தனர். தச்சருக்கு உளியும் இழைப்புளியும் வாளும் வேண்டியிருந்ததால் கொல்லரும் வந்தனர். ஊர் எழுந்து நின்ற பிறகும் கொல்லர்கள் திரும்பிப் போகவில்லை. மிக்கி கருவிகளின் ஊராயிற்று. அவ்வூரின் அரம்பம், உளி, இழைப்புளி, கரணை, சிறுகத்தி ஆகிய ஐந்தும் 1996-இல் ஜப்பானிய அரசால் மரபுக் கைவினைப் பொருள்களாக அறிவிக்கப்பட்டன.

இதே ஹிதெயோஷிதான், நாட்டின் பெரும்பகுதியைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தபின், 1588-இல் புகழ்பெற்ற ‘வாள் வேட்டை’ ஆணையைப் பிறப்பித்தார். உழவர்களிடமிருந்த வாள், குறுவாள், வில், ஈட்டி, துப்பாக்கி அனைத்தும் பறிக்கப்பட்டன. பறித்த இரும்பு கியோத்தோவில் எழும் பெரும் புத்தர் கோயிலுக்கு ஆணியாகவும் முளையாகவும் பயன்படும். ஆகவே கொடுத்தவர்க்கு மறுமையிலும் நன்மை உண்டு என்று ஆணை கூறிற்று. அரசியலார் சமயத்தை இவ்வாறு துணைக்கழைப்பது எந்நாட்டிலும் உள்ளதுதான். நாம் கருத வேண்டியது அவ்வாணையின் மற்றொரு பகுதி. உழவுக் கருவிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உழவிலேயே ஈடுபட்டால் வழிவழியாக நலமுடன் வாழலாம் என்று அது உழவர்க்கு உறுதி கூறியது. போர்க்கருவி வேறு, தொழிற்கருவி வேறு என்னும் பகுப்பு அதில் தெளிவாக இருந்தது. அரிவாளையும் வெட்டுக்கத்தியையும் யாரும் பறிக்கவில்லை.

அடுத்த பெரும் பறிப்பு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது. இம்முறை ஆயுதம் இழந்தவர்கள் சாமுராய் என்னும் போர்வீரர் வகுப்பினர். மெய்ஜி அரசு 1876 மார்ச் 28-ஆம் நாள் பிறப்பித்த ஆணை, விழாக்கால அரசவை உடை அணிந்தோர், படையினர், காவல்துறையினர் தவிர வேறெவரும் பொது இடத்தில் வாள் அணியலாகாது என்றது. இரட்டை வாள் தரிப்பதையே தம் பிறப்பின் அடையாளமாகக் கொண்டிருந்த வகுப்பார்க்கு இது பேரிடியாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் இரவு, குமமோத்தோ நகரில் ஏறத்தாழ 170 சாமுராய்கள் கிளர்ந்தெழுந்தனர். மேனாட்டுப் பொருள் எதனையும் தீண்டலாகாது என்ற கொள்கையினர் அவர்கள். துப்பாக்கியைத் தொடாமல் வாளும் ஈட்டியும் ஏந்தியே அரசின் படைமுகாமைத் தாக்கினர். மாநில ஆளுநரும் படைத் தலைவரும் கொல்லப்பட்டனர். ஆயினும், முதல் அதிர்ச்சி நீங்கிய படையினர் துப்பாக்கி ஏந்தித் திரண்டதும் கிளர்ச்சி ஒடுங்கிப்போயிற்று. உயிர் தப்பியவர்களுள் பலர் தம் வாளாலேயே தம்மை முடித்துக்கொண்டனர்.

அக்குமமோத்தோ நாட்டின் பழம்பெயர் ‘ஹிகோ’. ‘காமி’ என்பது பண்டை ஜப்பானில் மாநில ஆளுநரைக் குறித்த பட்டம். அதனை எழுதும் எழுத்துக்குக் காப்பவன் என்று பொருள். எனவே ‘ஹிகோனோகாமி’ என்றால் ஹிகோ நாட்டுக் காவலர் எனலாம். பிற்காலத்தில் இப்பட்டங்கள் வெறும் அணியாகிவிட்டன. வடகிழக்கே தொலைதூரத்தில் இருந்த ஐசு நாட்டின் தலைவர் மத்சுதைரா கதமோரி, ஹிகோவை ஒருபோதும் ஆளாமலேயே ‘ஹிகோனோகாமி’ என்னும் பட்டத்தைத் தாங்கியிருந்தார். வாள் செய்யும் பெருங்கொல்லர்களுக்கும் இத்தகைய பட்டங்கள் வழங்கப்பட்டன; அவற்றை அவர்கள் தாம் வடித்த வாளின் அடித்தண்டில் தம் பெயரோடு பொறித்தனர். ஆகவே, பித்தளைப் பிடியில் ‘ஹிகோனோகாமி’ என்று பொறித்த சிறு கத்தி, தன் விலைக்கு மிஞ்சிய மிடுக்குடன் கடைக்கு வந்தது. சிறுவர் அதனை விரும்பியதில் வியப்பில்லை.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்ப்போர், வாள் தடையால் தொழிலிழந்த வாட்கொல்லர்களே இக்கத்தியைப் படைத்தனர் என்று கூறுவதுண்டு. சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் கதை இதுவே. வாள் சுருங்கிக் கைக்கத்தி ஆயிற்று என்பது கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் காலமும் இடமும் இதற்கு முற்றும் இசைந்து வரவில்லை. தடை வந்தது 1876-இல்; கத்தி தோன்றியது 1890-களின் நடுப்பகுதியில். இடையே ஏறத்தாழ 20 ஆண்டுகள். மேலும், மிக்கி முந்நூறு ஆண்டுகளாகத் தச்சுக் கருவிகள் செய்த ஊர். இந்தக் கத்தி போர்க்களத்திலிருந்து இறங்கி வந்ததன்று. தச்சன் பட்டறையிலிருந்து எழுந்து வந்தது என்பதே என் துணிபு. கியூஷுத் தீவிலிருந்து மிக்கி வணிகர் ஒருவர் கொண்டுவந்த கத்தியை மாதிரியாக வைத்து, உள்ளூர்க் கொல்லர் ஒருவர் திருத்திச் செய்தார் என்பது அவ்வூரில் வழங்கிவரும் செய்தி. பெயரின் தோற்றம்கூட வாணிகம் சார்ந்ததே. தொடக்கத்தில் இக்கத்தியை மிகுதியாக வாங்கியவர்கள் கியூஷுவின் குமமோத்தோப் பகுதியினர். வாங்குவோர் மனம் குளிர அவர்கள் நாட்டின் பெயரையே சரக்குக்குச் சூட்டினர். வாளுக்காக உயிர்விட்டோரின் மண்ணில், கால் நூற்றாண்டுக்குள், அந்நாட்டின் பெயரால் ஒரு பென்சில் கத்தி விற்பனையானது. வீரமும் விற்பனையும் இவ்வளவு அருகில் நிற்பதை வரலாறு அடிக்கடி காட்டுவதில்லை.

பெயர் புகழ்பெற்றதும் போலிகள் பெருகின. மிக்கிக் கத்தித் தொழிலாளர் ஒரு சங்கமாகக் கூடி, ‘ஹிகோனோகாமி’ என்பதைத் தங்கள் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டனர். சங்க உறுப்பினர் அல்லாதார் அப்பெயரைப் பொறிக்க உரிமையில்லை என்றாயிற்று. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

கத்தி பிறந்த காலம் பள்ளிக்கும் பென்சிலுக்கும் உரிய காலம். ஜப்பானில் கட்டாயக் கல்விக்கு வித்திட்ட ஆணை 1872-இல் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பள்ளி வயதுப் பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பங்கினர் பள்ளியில் பெயர் பதிந்திருந்தனர். மசாக்கி நிரோக்கு என்பவர் பாரிஸ் பொருட்காட்சியில் கண்ட பென்சிலைத் தம் நாட்டிலேயே செய்ய முனைந்து, 1887-இல் ஒரு தொழிற்சாலையை நிறுவினார். இன்றைய மித்சுபிஷி பென்சில் நிறுவனத்தின் தொடக்கம் அது. தூரிகையால் எழுதிய காலத்து மாணவனுக்குக் கத்தி தேவைப்படவில்லை. தூரிகையைக் கழுவினால் போதும். பென்சிலைச் சீவித்தான் ஆகவேண்டும். எழுதுகோல் மாறியதும், எழுதுவோன் கைக்கு ஒரு கத்தியும் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் இறகுக்கும் நம் நாட்டில் ஓலைக்கும் நேர்ந்த அதே கதை அங்குப் பென்சிலுக்கும் நேர்ந்தது.

கத்தியால் பென்சில் சீவுவது சிறு செயல்தான். ஆனால் அதனைக் கற்பிக்க முயன்றவர்க்கே அதன் அருமை தெரியும். கத்தி பிடித்த கை அசையாமல் நிற்க வேண்டும். பென்சில் பிடித்த கையின் பெருவிரல், கத்தியின் முதுகைச் சிறிது சிறிதாக முன்னே தள்ள வேண்டும். ஒருமுறை தள்ளியதும் பென்சிலை இம்மியளவு திருப்ப வேண்டும். மரத்தின் நார் எப்பக்கம் ஓடுகிறது என்பதை அலகு விரலுக்குச் சொல்லும். நாருக்கு எதிராகச் சென்றால் அலகு ஆழப் பாய்ந்து கரிமுனை முறியும். மழுங்கிய கத்தியோ வழுக்கி விரலை வெட்டும். கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியே தீங்கு மிக்கது என்பதைக் குழந்தை தன் விரலால் கற்றுக்கொள்கிறது. ஆகவே சாணைக்கல்லில் தீட்டவும் பழகுகிறது. நம் நாட்டிலும் சவர அலகைப் பாதியாக முறித்துப் பென்சில் சீவிய தலைமுறை ஒன்று இருந்தது. அவர்களைக் கேட்டால், முறிந்த அலகைவிட மடக்குக் கத்தி எவ்வளவு பாதுகாப்பானது என்பதைச் சொல்வார்கள்.

பென்சிலோடு கத்தியின் வேலை முடிந்துவிடவில்லை. மூங்கிலைச் சீவிக் கையால் சுழற்றிப் பறக்கவிடும் ‘மூங்கில் தும்பி’, மூங்கில் குழாயில் ஈரத்தாளை அடைத்து வெடிக்கும் விளையாட்டுத் துப்பாக்கி, பட்டத்தின் குச்சிகள், தூண்டில் கழி ஆகியவற்றைச் சிறுவர் தாமே செய்துகொண்டனர். கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருள் அரிதாயிருந்த காலத்தில், ஹிகோனோகாமி ஒன்று வைத்திருந்தவன் மற்றவற்றையெல்லாம் வைத்திருந்தவனே ஆவான். போரில் தோற்று வறுமையுற்ற 1940-களின் பிற்பகுதியில் இது இன்னும் பொருந்தும். 1945-இல் வெற்றி பெற்ற அமெரிக்கப் படையினர் ஜப்பானியர் இல்லங்களிலிருந்து வாள்களைத் திரட்டி அழித்தனர். பலவற்றைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். ஆயுதப் பறிப்பு மூன்றாம் முறையாக நிகழ்ந்தது. இம்முறையும் சிறுவனின் சட்டைப்பைக் கத்தி தப்பியது.

நான்காம் முறை தப்பவில்லை.

1958-இல் ஜப்பான் துப்பாக்கி, வாள் முதலியவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. (அதே 1958-ஆம் ஆண்டுதான் நம் மண்ணிலும் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் பற்றிய சட்டம் பிறந்தது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது இன்றும் அவ்வாண்டின் பெயரோடு வழங்குகிறது.) ஈராண்டு கழித்து, 1960 அக்டோபர் 12-ஆம் நாள், தோக்கியோவின் ஹிபியா மண்டபத்தில் கட்சித் தலைவர்கள் பேசும் கூட்டம் ஒன்று நடந்தது. ஜப்பான் சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோ பேசிக்கொண்டிருந்தபோது, 17 வயது இளைஞன் ஒருவன் மேடைமீது பாய்ந்து அவரைக் குத்திக் கொன்றான். தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கொலைக் காட்சியை நாடு முழுவதும் கண்டது. அக்கணத்தைப் பிடித்த புகைப்படம் 1961-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

கொலை செய்தவன் கையிலிருந்தது குறுவாள். பழைய சாமுராய் வாள் இனத்தைச் சேர்ந்தது. பென்சில் சீவும் கத்திக்கும் அதற்கும் எவ்வகை உறவும் இல்லை. ஆயினும், கொன்றவன் இளைஞன் என்பதே மக்கள் நெஞ்சில் தைத்தது. பிள்ளைகள் கையில் கூர்மையான பொருள் எதுவும் இருத்தலாகாது என்ற எண்ணம் பரவிற்று. கத்தி வைத்திராமை இயக்கம் என்ற பெயரில் பெற்றோரும் பள்ளிகளும் ஊர் அமைப்புகளும் ஒன்றுகூடின. பிள்ளைகள் கத்தியைப் பள்ளிக்குக் கொண்டுவருவது நின்றது. கடைக்காரரும் சிறுவருக்கு விற்கத் தயங்கினர். 1588-இன் கொடுங்கோல் ஆணைகூட ஆயுதத்தையும் கருவியையும் பிரித்தறிந்தது. 1960-இன் நல்லெண்ண இயக்கமோ அப்பிரிவை மறந்தது. இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் பிள்ளைகளை நேசித்த தாய்தந்தையரும் நம்மைப் போன்ற ஆசிரியர்களுமே ஆவர். அச்சம் உண்மையானது, அதன் இலக்குத்தான் தவறிவிட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் இயக்கத்தின்மேல் சுமத்துவது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1956-இல், ஒசாக்காவில் ஒக்காதா யோஷியோ என்பவர் முனை மழுங்கினால் ஒடித்து எறியும் அலகைக் கண்டுபிடித்திருந்தார். உடைந்த கண்ணாடியின் கூரிய விளிம்பும், துண்டு துண்டாக ஒடிக்கும்படி கோடிட்ட சாக்கலேட்டும் அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தனவாம். ‘ஓல்ஃபா’ என்று பெயர் பெற்ற அக்கத்தியை இன்று நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் காணாத இடமில்லை. அதற்குச் சாணை வேண்டாம், பழக்கம் வேண்டாம், ஒடித்தால் போதும். இன்னொரு புறம் பென்சில் சீவும் பொறிகள் வகுப்பறைக்கு வந்தன; பிறகு சீவவே வேண்டாத இயந்திரப் பென்சில்கள் வந்தன. இயக்கம் எழாதிருந்தாலும் ஹிகோனோகாமி மெல்ல மெல்லத் தேய்ந்திருக்கும். ஆனால் மெல்லத் தேய்வது வேறு. குற்றவாளியாக்கி வெளியேற்றுவது வேறு. முன்னது நேர்ந்திருந்தால் தந்தை தன் பழைய கத்தியை மகனிடம் காட்டியிருப்பான். பின்னது நேர்ந்ததால் அதை மேசையறைக்குள் மறைத்து வைத்தான்.

1970-களில் ஜப்பானியக் கல்வியாளரிடையே வேறொரு கவலை தோன்றிற்று. பிள்ளைகளுக்குக் கத்தியால் பென்சில் சீவத் தெரியவில்லை. கயிற்றை முடிச்சிடத் தெரியவில்லை. பழத்தின் தோலை உரிக்கத் தெரியவில்லை என்றனர். கையின் திறம் குன்றுவது கல்வியின் குறையன்றோ என்று கேட்டனர். நகானோ மாநிலத்து இக்கேதா ஊரிலுள்ள தொடக்கப்பள்ளி ஒன்று 1980-களில் ஒரு துணிவான முடிவுக்கு வந்தது. மாணவர்கள் ஹிகோனோகாமியைக் கொண்டே தம் பென்சிலைச் சீவும் வழக்கத்தை அப்பள்ளி மேற்கொண்டது. மற்றப் பள்ளிகள் அதனை வியந்து பார்த்தன. பின்பற்றியவை மிகச் சில.

பின்பற்றத் தயங்கியோர்க்கும் காரணம் இருந்தது. 1998 சனவரியில் தொச்சிகி மாநிலத்தில் 13 வயது மாணவன் ஒருவன், ‘வண்ணத்துப்பூச்சி’ எனப்படும் மடக்குக் கத்தியால் தன் ஆசிரியையைப் பள்ளியிலேயே குத்திக் கொன்றான். நாடு நடுங்கிற்று. பிள்ளைகளின் பைகளைச் சோதிக்கலாமா என்று பள்ளிகள் வாதிட்டன. அந்தக் கத்தி ஒரே கையால் சுழற்றித் திறந்து மிரட்டுவதற்கு ஏற்றது. பென்சில் சீவ யாரும் அதனை வாங்குவதில்லை. இருப்பினும், ஓர் ஆசிரியையின் உயிர் போன பிறகு கத்திகளுக்குள் வேறுபாடு கற்பிப்பது எந்தத் தலைமையாசிரியருக்கும் எளிதன்று. இருதரப்பு நியாயத்தையும் எடைபோட்டால், இக்கேதா ஊர்ப் பள்ளியின் பக்கமே என் மனம் சாய்கிறது. கத்தியை மறைத்து வளர்த்த பிள்ளைக்கு அதன் மிரட்டும் பயன் மட்டுமே திரைப்படத்தின் வழியாகத் தெரிய வருகிறது. சீவும் பயனை அறிந்தவனுக்கு அது வெறும் கருவி. ஆயினும் தொச்சிகியின் ஆசிரியர் அறையில் அமர்ந்து இதைச் சொல்ல எனக்குத் துணிவு வருமா என்பது வேறு செய்தி.

இனி மிக்கிக்குத் திரும்புவோம். உள்நாட்டுச் சந்தை சரிந்ததும் கத்திப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. சிலர் உளிக்கும் இழைப்புளிக்கும் மாறினர். சிலருக்குப் பின் தொழிலை ஏற்பார் இல்லை. சங்கத்தில் எஞ்சி நின்றது நகாவோ குடும்பத்தின் ‘கனேகோமா’ பட்டறை ஒன்றே. வணிகக் குறி சங்கத்துக்கு உரியது என்று முன்னர்க் கண்டோம். சங்கத்தில் ஒருவரே மிஞ்சியதால், அக்குறியைப் பொறிக்கும் உரிமையும் ஒரே பட்டறைக்கு உரியதாயிற்று. போலிகளை விலக்கப் பலர் கூடி எழுப்பிய வேலிக்குள் இறுதியில் ஒருவர் மட்டுமே நின்றார்.

அப்பட்டறையை இன்றுவரை வாழவைப்பதில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அன்றாடப் பயனுக்கு ஒரு மரபுக் கத்தியைச் சட்டைப்பையில் வைத்திருப்பதும், அவ்வகைக் கத்திகளைத் திரட்டுவதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருக்குப் பொழுதுபோக்கு. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி, 1829 முதல் வழங்கும் லகியோல் கத்தி, 1891-இல் தோன்றிய சுவிட்சர்லாந்துப் படைவீரர் கத்தி ஆகியவற்றின் வரிசையில் ஹிகோனோகாமியும் இடம்பெற்றுவிட்டது. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஸ்டான் ஷா என்னும் கைவினைஞர் 14 வயதில் பயிற்சி தொடங்கி, 2021-இல் தம் 94-ஆம் வயதில் மறையும்வரை முத்துச்சிப்பியும் கொம்பும் பதித்த மடக்குக் கத்திகளைச் செய்துவந்தார். அவர் கத்திகள் கண்ணாடிப் பேழைக்கு உரியவை. ஹிகோனோகாமியின் சிறப்பு அத்தகையதன்று. மிகச் சிறந்த வகைகளை விடுத்தால் அது மலிவானது. வாங்குவோர் பலர் அதனை உண்மையாகவே பயன்படுத்துகின்றனர்.

சேகரிப்போர் முதலில் நோக்குவது எஃகை. மென்மையான இரும்பின் நடுவே கடினமான எஃகைச் செருகிக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய அலகே உயர்ந்தது. வெட்டும் விளிம்பு கடினமாகவும், அதனைத் தாங்கும் உடல் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். தீட்டிய அலகில் இரண்டும் சேருமிடம் மெல்லிய அலைக்கோடாகத் தெரியும். ஷிமானே மாநிலத்தின் யசுகி நகரில் உருவாகும் ‘நீலத்தாள்’ எஃகு இதற்குப் பெயர் பெற்றது. எஃகுக்கு நிறம் நீலமன்று. தர வேறுபாடு தெரிய ஆலையினர் ஒட்டிய தாளின் நிறமே பெயராயிற்று. இது துருப்பிடிக்காத எஃகு அன்று. எலுமிச்சை நறுக்கினால் ஒரு கறை, மாங்காய் நறுக்கினால் வேறு கறை என்று அலகு நாளுக்கு நாள் சாம்பல் நிறமேறும். துடைத்து எண்ணெய் பூசாமல் விட்டால் துரு ஏறும். பித்தளைப் பிடியும் கைவியர்வை பட்டுக் கறுக்கும். இந்நிறமாற்றத்தையே அழகென்று போற்றும் சுவைஞர் பலர்.

கத்தி பிறந்த நாட்டிலோ அதனை வெளியே எடுத்துச் செல்வது அவ்வளவு எளிதன்று. 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகுடைய கத்தியைத் தொழில் முதலிய தகுந்த காரணமின்றி எடுத்துச் செல்வதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதனினும் சிறிய கத்தியைக்கூடக் காரணமின்றி மறைத்து வைத்திருப்பது சிறு குற்றங்கள் பற்றிய சட்டத்தின்கீழ்த் தண்டனைக்கு உரியதாகலாம். பாரிசிலோ நியூயார்க்கிலோ ஒருவர் இதனைப் பையிலிட்டுத் திரிய, மிக்கியில் பிறந்தவர் தம் வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே செல்கிறார்.

பழைய ஹிகோனோகாமிகளுள் இருவகை உண்டு. ஒன்று, கடையிலோ கிடங்கிலோ விற்காமல் தங்கிப்போய், மூடிய பட்டறைகளின் முத்திரையோடு புதுக்கருக்கு மாறாமல் கிடைப்பது. மற்றொன்று, ஒரு சிறுவன் வைத்திருந்தது. அதன் அலகு தீட்டித் தீட்டிப் பாதி அகலமாகக் குறைந்திருக்கும். பிடியின் மடிப்பு தளர்ந்திருக்கும். ‘ஹிகோ நாட்டுக் காவலர்’ என்னும் எழுத்துகள் உள்ளங்கையில் உரசி ஏறக்குறைய மறைந்திருக்கும். சிலவற்றில் உரியவன் தன் பெயரை ஆணியால் கோணலாகக் கீறியிருப்பான். சேகரிப்போர் பெரும்பாலும் முன்னதற்கே நல்ல விலை கொடுக்கின்றனர்.